செக் நாட்டு பிட்டரும் எங்கள் ஊர்ப் பெயரும்

"நீங்க எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். கேட்டவர் நல்லவராகத்தான் இருப்பார். பேச்சுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே என்று கேட்டிருப்பார். எல்லாம் தெரியும். தெரிந்தும் முகம் மாறிவிடும். என் மனைவி பக்கத்தில் இருந்தால் முழங்கையால் இடிப்பாள். இந்த வயதில் இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, அவர் பதிலை யாரும் எழுதி வைத்துக்கொண்டு அவரை வெளியே தள்ளியதில்லை.

எங்கள் தோட்டத்து ஆட்களிடம் அந்தக் கேள்விக்கு ஒரே விதமான பதில்தான் உண்டு. இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே, களனி கங்கையைப் பார்த்த மலையில், லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராவில் பிறந்த ஒருவனைக் கேளுங்கள். "திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா" என்பான். அந்தப் பக்கத்தை அவன் கண்டதில்லை. அவன் அப்பாவும் கண்டதில்லை. ஆனால் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது, ஐயனார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றெல்லாம் நேற்றுத்தான் போய் வந்தவன் போலச் சொல்வான். பெண் கேட்கப் போனாலும் இழவு வீட்டில் உட்கார்ந்தாலும் முதலில் ஊரைத்தான் விசாரிப்பார்கள். தாத்தா விட்டு வந்த ஊரைச் சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கிடைக்காது. இருக்கிற இடத்தை யாரும் ஊர் என்று சொல்ல மாட்டார்கள். அது தோட்டம், துரையின் சொத்து. அதைப் போய் ஊர் என்பதா?

என் அப்பாவும் அப்படித்தான். இந்த மலையில் ரப்பர் வைப்பதற்கு முன், தேயிலை இருந்த காலத்திலேயே இங்கே பிறந்தவர். மரத்தில் வெட்டி வரும் பாலை உறைய வைத்து, உருளை மெஷினில் தகடாக்கிப் புகை போடும் இடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரின் புகைக்கூட்டில் நெருப்புப் பார்ப்பது அப்பாவின் வேலை. பாலை அளந்து எடுப்பது என் வேலை. யட்டியாந்தோட்டையில் கொஞ்சக் காலம் இங்கிலீஷ் படித்திருந்ததால் எனக்கு அந்த இடம் கிடைத்தது.

ஸ்டோருக்குப் புது எஞ்சினும் புது உருளைகளும் வந்தபோது அவற்றைப் பூட்டும் பிட்டராக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பூட்டி முடித்த பிறகும், கோளாறு பார்க்க ஆள் வேண்டும் என்று துரை அவரை நிறுத்திக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். செம்பட்டைத் தலை, வெயிலில் வெந்துபோன பிடரி. அவருக்குப் பங்களாவில் இடமில்லை. எஞ்சின் ரூமுக்கு ஒட்டிய சாமான் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். துரைமார் கூடும் கிளப்பிலும் அவரைச் சேர்க்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் விளங்கவே இல்லை. தோட்டத்தில் இரண்டே சாதி. தோல் வெள்ளையாக இருந்தால் துரை, இல்லாவிட்டால் நாங்கள்.

உருளையில் தகடு போடும் ஒரு அக்காதான் முதலில் கேட்டாள். "தொரைக்கு எந்த ஊருங்க?"

நான் அதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதே இல்லையாம். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தன் நாட்டைச் சொன்னார். செக் ஜனங்கள், செக்கோஸ்லோவாக்கியா, நாலு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றின் மேல் கல் பாலம், பாலத்துக்கு அக்கரையில் குன்றின் மேல் கோட்டை. நானும் மூச்சு வாங்க மொழிபெயர்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது லண்டன்ல எந்தப் பக்கம்ங்க?" என்றாள்.

"நோ லண்டன்!" என்று அவர் போட்ட சத்தத்தில் புகைக்கூட்டிலிருந்து அப்பா ஓடி வந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நோலண்டன் துரை என்று பேர். அவருக்குக் கேட்காத மாதிரி சொல்வார்கள். கேட்டும் இருக்கிறது. துரை என்ற பாதியைத்தான் அவர் வெறுத்தார். வெறும் பிட்டர் என்றால் போதும் என்றார், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தகடு போட்டு முடிந்த மதிய நேரங்களில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே அவர் தன் ஜனங்களின் கதையைச் சொல்வார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் என்றால் இங்கிலாந்து ராஜாக்கள்தான். எந்த ராஜா எந்த மனைவியின் தலையை வெட்டினான் என்று மனப்பாடம் செய்தேனே தவிர, ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கு அப்பால் ஆள் இருக்கிறார்களா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் முதலில் நான் அவரை நம்பவில்லை. வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் அமுக்கி வைத்திருந்தான் என்பதை எப்படி நம்புவது? "உங்க ஆளுங்க எங்கள மாதிரியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கை எண்ணெயைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவர்களுக்கும் ஒரு காலத்தில் சொந்த ராஜா இருந்திருக்கிறார். பெரிய வித்தியாசாலை இருந்திருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் அங்கே ஒரு பாதிரியார், ஜனங்கள் பேசுகிற பாஷையில் பிரசங்கம் செய்தார். சபைத் தலைவர்கள் காசுக்குப் பாவமன்னிப்பு விற்பதைக் கண்டித்தார். விசாரணைக்கு வா என்று வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். போ, உன் உயிருக்கு நான் பொறுப்பு என்று ராஜா வாக்குக் கொடுத்து அனுப்பினார். போனவரைப் பிடித்து அடைத்து, உயிரோடு கொளுத்திவிட்டார்கள். நூறு வருஷம் கழித்து ஒரு ஜெர்மன் பாதிரியார் கிட்டத்தட்ட அதையே சொன்னபோது உலகம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. எனக்கு அந்த ராஜாவின் வாக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் தாத்தாவுக்கும் கடல் தாண்டுவதற்கு முன் ஏஜெண்டு ஒருவன் வாக்குக் கொடுத்திருந்தான், இஞ்சி மஞ்சள் விளைகிற நாடு, மூன்று வருஷத்தில் பணக்காரனாகத் திரும்பலாம் என்று.

ஸ்டோர் ஆட்களுக்குப் பிடித்தது சன்னல் கதை. பின்னால் அவர்களை ஆளவந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் அதிகாரிகள் இரண்டு பேரை செக் பிரபுக்கள் கோட்டைச் சன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் சாணிக் குவியலில் விழுந்து பிழைத்துக்கொண்டார்களாம். "திரும்பச் சொல்லச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே பங்களாச் சன்னலைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வந்ததைச் சொன்னால் கலைந்து போய்விடுவார்கள். அந்தச் சன்னலில் ஆரம்பித்த சண்டை முப்பது வருஷம் ஐரோப்பாவைக் கொளுத்தியது. செக் ஜனங்களோ முதல் இரண்டு வருஷத்திலேயே தோற்றார்கள். தலைநகரத்துக்குப் பக்கத்துக் குன்றில், எங்கள் ஆட்கள் விடியற்காலைப் பிரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரபுக்களின் தலைகளை வெட்டிப் பாலத்துக் கோபுரத்தில் வருஷக்கணக்காகத் தொங்கவிட்டார்கள். நிலங்கள் வெளியாருக்குப் போயின. அரசாங்கக் கச்சேரியில் ஜெர்மன், பட்டணத்தில் ஜெர்மன், வேலைக்காரியும் மாட்டுக்காரனும் மட்டும் பேசுகிற பாஷையாகச் செக் மிஞ்சியது. முந்நூறு வருஷம்.

குடியானவன் வாரத்தில் பாதி நாள் பிரபுவின் நிலத்தில் சும்மா உழைக்க வேண்டும். அதற்கு ரொபோத்தா என்று பேர். அந்தச் சொல்லை அவர் துப்புகிற மாதிரிதான் சொல்வார். பிரபுவின் அனுமதி இல்லாமல் கல்யாணம் கட்ட முடியாது, வேறு ஊருக்குக் குடிபோக முடியாது, மகனைத் தொழிலுக்கு விட முடியாது. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"அங்கயும் துண்டு இருந்திச்சா?" என்றார்.

துண்டு என்பது இந்தத் தோட்டத்துக் கடனெல்லாம் தீர்ந்தது என்று துரை எழுதித் தருகிற சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டம் எவனையும் சேர்க்காது. அப்பா வாலிபத்தில் கித்துல்கலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக ஆசைப்பட்டு, துண்டு கிடைக்காமல் இங்கேயே கிடந்தவர். அன்று சாயங்காலம் அவர் தானாக பிட்டரின் அறைக்குப் போய் ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சிநேகம். பிட்டருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழும் அப்பாவுக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையும் போதுமாக இருந்தன.

வாத்தியார்களும் கிராமத்துப் பாதிரிமாரும் அந்த மாட்டுக்காரன் பாஷையை மறுபடியும் புத்தகத்துக்குக் கொண்டு வந்தது, ஜனங்கள் வீடு வீடாகக் காசு போட்டுத் தங்கள் பாஷைக்கு ஒரு நாடகசாலை கட்டியது, அது எரிந்துபோனதும் திரும்பவும் காசு போட்டுக் கட்டியது, இதையெல்லாம் அவர் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். பதினாலாம் வருஷத்துச் சண்டையில் ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்காக ருஷ்யர்களைச் சுடச் சொல்லி அவருடைய அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் ருஷ்யா பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். சண்டை முடிந்து சொந்த நாடு கிடைத்த அன்று தபால் கந்தோர் வாசலில் இருந்த, ஆஸ்திரியாவின் சின்னமான இரண்டு தலைக் கழுகை ஜனங்கள் இழுத்துப் போட்டதைப் பிட்டர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். "அந்த நாட்டுக்குள்ள ஜெர்மன் பேசுறவங்களும் நெறைய பேரு இருந்தாங்களே, அவங்களைக் கேட்டா சேத்தாங்க?" என்று நான் கேட்டேன். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு, அது வேறு விஷயம் என்றார். வேறு விஷயம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

முப்பத்தெட்டாம் வருஷம் மழை பிடித்திருந்த நேரம். ஒரு நாள் துரை ஸ்டோருக்கு வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார். சண்டை வராது, பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், எல்லோரும் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். எங்கள் ஆட்கள் எதற்கென்றே தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பத்திரிகையைப் பிட்டர் கையில் கொடுத்து, உங்களுக்கும் நல்ல செய்திதான் என்று தோளில் தட்டிவிட்டுத் துரை போனார்.

இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி. நாலு பேர் ஒரு நகரத்தில் உட்கார்ந்து செக் நாட்டின் ஓரத்தை வெட்டி ஜெர்மனிக்குக் கொடுத்துவிட்டார்கள். செக் ஆட்களை அந்த அறைக்குள் விடவே இல்லை, வெளியே காக்க வைத்துவிட்டு முடிவை மட்டும் கையில் கொடுத்தார்கள். பிட்டர் பிறந்த ஊரும் வெட்டிக் கொடுத்ததில் போய்விட்டது. அவர் ஸ்பேனரைச் சுவரில் எறிந்தார். தகரத்தில் பட்டு எழுந்த சத்தம் அடங்கிய பிறகு உருளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அன்றுதான் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் சொன்னார்.

அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கமும் வீடும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். வரிசையாகக் கட்டிய வீடுகள், எல்லாருக்கும் ஒரே பைப். எங்கள் லயம் மாதிரியேதான். சண்டைக்கு முன்பு, சக்கரவர்த்தி காலத்தில், குடிமதிப்பு எடுக்க வந்தார்கள். நீ யார் என்று கேட்கவில்லை. தினசரி புழங்குகிற பாஷை எது என்று கேட்டார்கள். பக்கத்தில் முதலாளியின் ஆள் நின்றுகொண்டிருந்தான். சுரங்கத்தில் உத்தரவெல்லாம் ஜெர்மனில்தானே வருகிறது, அதைத்தானே புழங்குகிறாய் என்றான். ஜெர்மன் தெரியாத அந்த மனுஷன், பிள்ளைகளையும் வீட்டையும் நினைத்து, ஜெர்மன் என்று சொல்லிவிட்டார். வரிசை முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். இப்போது எந்த ஊரில் ஜெர்மன்காரர் அதிகம் என்று பார்த்து வெட்டியபோது, அந்தப் பழைய குடிமதிப்பைத்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"எங்கப்பா சொன்ன பதில வச்சு எங்க ஊர எடுத்துக்கிட்டாங்க" என்று தமிழிலேயே சொன்னார். எங்கள் தோட்டத்துக்கும் கேள்வி கேட்க வருகிறார்கள் என்று அந்த வாரம்தான் ஆபீசில் பேச்சு அடிபட்டிருந்தது.

ஓட்டு இடாப்பை, அதாவது ஓட்டுள்ளவர்களின் பேர்ப் பட்டியலை, திருத்தப்போகிறார்கள். இந்த நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குகிறவன் என்று காட்டினால்தான் பேர் இருக்கும். காட்டாதவன் இந்தியன். இந்தியனை அனுப்பிவிட வேண்டும் என்று கொழும்பில் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் போய், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று விசாரித்தேன். கண்ணாடியைக் கழற்றாமலே பதில் சொன்னார்.

"உங்கட ஆக்களுக்கு ஊர் இந்தியாவிலதானே ஐசே. உள்ளதைச் சொல்லுறதுக்கு என்ன?"

"நாங்க பொறந்தது இங்கங்க."

"பிறந்ததுக்கு நான் என்ன செய்ய? போய் வேலையைப் பாரும்."

நான் லயம் லயமாகப் போனேன். ஊர் எது என்று கேட்டால் முசிறி, துறையூர், நாமக்கல் என்று ஆரம்பிக்காதீர்கள், இந்தத் தோட்டத்தின் பேரைச் சொல்லுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். பிட்டரின் அப்பா கதையையும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். பல பேர் என்னை அற்பமாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

"ஊர மறைக்கச் சொல்லிக் குடுக்குறியாமே?"

"மறைக்கச் சொல்லலப்பா. நீங்க பொறந்த எடத்த சொல்லச் சொல்றேன்."

"எங்கய்யா சாகுறப்ப அந்த ஊரு பேரத்தான்டா சொல்லிட்டுச் செத்தாரு. அத நான் இல்லன்னு சொல்லணுமா? எவனோ ஒருத்தன் எழுதிக்கிறதுக்காக?"

"அவன் எழுதுறதுதாம்ப்பா நிக்கும். நீங்க சொல்றது காத்தோட போயிரும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மலை மொட்டையாக நின்ற மாசத்தில் கேகாலையிலிருந்து உத்தியோகத்தர் வந்தார். பள்ளிக்கூடக் கொட்டகையில் மேசை போட்டிருந்தது. பெரிய கிளாக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சிங்களம் நன்றாக வரும் என்பதால் உத்தியோகத்தர் சிங்களத்திலேயே கேட்டார். "கம கொஹெத?" ஊர் எது. அவ்வளவுதான் கேள்வி.

முதலில் போனவர் ஒரு கங்காணி. நெஞ்சை நிமிர்த்தி ஜில்லா, தாலுகா, ஏரி, கோவில் எல்லாம் சொன்னார். இடாப்பில் இருந்த அவர் பேரை அடித்துவிட்டார்கள். ஊர் விசாரித்த மரியாதைக்கு அவர் கும்பிட்டுவிட்டு வந்தார். பின்னால் போன சிலர் நான் சொன்னபடி தோட்டத்தின் பேரைச் சொன்னார்கள். உத்தியோகத்தர் நாலு பேர் வரை பேசாமல் இருந்துவிட்டு, அப்பாவின் ஊர் எது, தாத்தாவின் ஊர் எது என்று அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தார். அங்கே அவர்களுக்குப் பொய் வரவில்லை. முசிறி என்றார்கள். அவர்கள் பேரையும் அடித்துவிட்டார்கள். அப்படியானால் நேராகச் சொன்னவனுக்கும் இல்லை, சுற்றிச் சொன்னவனுக்கும் இல்லை.

பிறகு அப்பா போனார். முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கம கொஹெத?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மே வத்த தமய்" என்றார். இந்தத் தோட்டம்தான்.

"தாத்தகெ கம?" சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.

"மே வத்த தமய்."

"சீயாகெ கம?" பாட்டனின் ஊர்.

"மே வத்த தமய்" என்றார் அப்பா, அதே குரலில்.

உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். உன் பாட்டன் காலத்தில் இந்த மலை வெறும் காடு, யானைக்குப் பிறந்தாயா என்று கேட்டார். பெரிய கிளாக்கர் சிரித்தார். வெளியே நின்ற எங்கள் ஆட்களும் சிரித்தார்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, பாக்கியிருந்த வரிசையின் பேர்களைக் கேட்காமலே அடித்துவிட்டார்கள். என்னை மட்டும் கூப்பிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். என் பேரையும் அடித்தார்கள்.

அப்பா எனக்காகத் தன் ஊரை விட்டுக்கொடுத்தார். நான் கேட்காமலே தன் அப்பாவின் ஊரையும் பாட்டனின் ஊரையும் சேர்த்து விட்டுக்கொடுத்தார். அதற்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஆத்திரத்தை நான் பிட்டரிடம் கொட்டினேன். உங்கள் அப்பா கதையைக் கேட்டு என் அப்பாவைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன், உங்கள் சரித்திரம் உங்களுக்கே உதவவில்லை, எங்களுக்கா உதவப்போகிறது என்று கத்தினேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். என் அப்பா முதலாளி சொன்னதைச் சொன்னார், உன் அப்பா மகன் சொன்னதைச் சொன்னார், இரண்டு பேரும் பயந்து சொல்லவில்லை, வீட்டுக்காகச் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சில வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சில வாரத்துக்குள் மிச்சமிருந்த செக் நாட்டையும் ஜெர்மனி விழுங்கிவிட்டது. கொழும்பிலிருக்கும் ஜெர்மன் கந்தோருக்குப் போய்ப் பழைய பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளச் சொல்லி அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் போகவில்லை. நோலண்டன் துரைக்கு நாடு இல்லையாம் என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். "வெள்ளக்காரனுக்கு எங்கயாச்சும் நாடு இல்லாமப் போகுமா? நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றாள் உருளை அக்கா. அவளுக்கு நிஜமாகவே கவலை. அன்றைக்கு அவருக்கு லயத்திலிருந்து நாலு வீட்டுச் சோறு வந்தது.

செப்டம்பரில் சண்டை வந்தது. வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ, பால் அளந்துகொண்டிருந்தபோது பொலிஸ் லொறி ஸ்டோர் வாசலில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். துரையும் பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். ஜெர்மன் ஆட்களையெல்லாம் பிடித்து முகாமில் வைக்க உத்தரவு, இங்கே ஒருத்தர் இருக்கிறாராம் என்றார் இன்ஸ்பெக்டர்.

பிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தான் செக் என்றார். அப்படி ஒரு நாடு இப்போது இல்லை என்றார் இன்ஸ்பெக்டர். பிறந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டார். இப்போது ஜெர்மனியில் என்று பிட்டர் உள்ளதைச் சொன்னார். பேசுகிற பாஷை? செக். ஜெர்மன் தெரியுமா? தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற மாதிரி இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்தார்.

"இவரு ஜெர்மன்காரர் இல்லீங்க சார்" என்று நான் முன்னால் போனேன். "ஜெர்மன்காரனாலதான் இவருக்கு ஊரே போச்சு. எங்க எல்லாருக்கும் தெரியும்."

என் பின்னால் ஸ்டோர் முழுக்க வந்து நின்றது. பால் வாளியோடு நின்றவர்கள், தகடு போடுகிற பெண்கள், கரி அப்பிய முகத்தோடு அப்பா. அன்றைக்கு இவர்களில் யாரும் சிரிக்கவில்லை. "எழுதிக்கங்க சார், நான் சொல்றேன், இவரு செக்கு" என்றார் அப்பா. சொந்தப் பேரை எழுதவே வராத மனுஷன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையான ஆள். கத்தவில்லை. இவரை நன்றாகத் தெரிந்த, இந்த இடத்து நிரந்தரவாசி யாராவது பொறுப்பெடுத்துச் சொன்னால் அதையும் சேர்த்து அனுப்புகிறேன், மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இவங்கள்ல யாராவது அப்படி இருக்காங்களா?" என்று பெரிய கிளாக்கரைக் கேட்டார்.

பெரிய கிளாக்கர் கொஞ்சம் தயங்கினார். பார்க்கப்போனால் அவருக்குக்கூட அன்று மனசு இல்லை. "இல்லை சேர். எல்லார் பேரையும் வெட்டியாச்சு" என்றார்.

இந்த மலையில் பிறந்து, இதே மண்ணில் அப்பனையும் ஆத்தாளையும் புதைத்த அத்தனை பேர் அங்கே நின்றோம். எங்கள் வாய்ச்சொல் ஒரு மனுஷனுக்கு உதவாது என்று ஆகிவிட்டது. நிரந்தரவாசி என்று அந்த இடத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினார். சில வருஷத்துக்கு முன் கப்பலில் வந்து இறங்கி, வேலை முடிந்ததும் அதே கப்பலில் திரும்பிப் போகப்போகிற துரை. இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினோம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டோர் எஞ்சின் மூன்று வருஷமாக யார் கையால் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த நாட்டுக்காக அந்த மனுஷன் ஸ்பேனரை எறிந்தார் என்றும் தெரியும்.

"அவர் அப்படித்தான் சொல்கிறார். எனக்கு என்ன தெரியும்?" என்றார் துரை.

பிட்டர் தானாகவே லொறியில் ஏறினார். அப்பா அவருடைய பெட்டியைத் தலையில் வைத்து எடுத்து வந்து ஏற்றிக் கொடுத்தார். லொறி திரும்பி வளைவில் மறைந்த பிறகு, துரை தொப்பியைச் சரி செய்துகொண்டு பங்களாவுக்குப் போக எங்களை நோக்கி நடந்து வந்தார். இன்றைக்கு நகரக் கூடாது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தில் வந்ததும், எப்போதும் போல எல்லாரும் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி வழி விட்டோம். நானும் இறங்கினேன்.